632001-ஐ உடைப்பது எப்படி?

வேலூரின் பின்கோடு 632001. உறையில் எழுதியதோடு மறந்துபோகிற எண். காகிதமும் பேனாவும் எடுத்து இதைப் பகா காரணிகளாகப் பிரிக்க முயன்றால், நல்ல பொறி ஒன்று உள்ளே இருப்பது தெரியும்.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 12. எனவே 3-ஆல் வகுபடும், ஈவு 210667. அடுத்து 2-உம் 3-உம் 5-உம் உதவாது. 7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் சோதிக்கலாம். 7×11×13 = 1001 என்பதால், கடைசி மூன்று இலக்கத்திலிருந்து முதல் மூன்றைக் கழித்தால் போதும்: 667 − 210 = 457. இது மூன்றில் எதனாலும் வகுபடாது, ஆகவே 210667-உம் வகுபடாது. பிறகு 17, 19, 23 என்று ஏற வேண்டியதுதான். 100 தாண்டியும் சிக்காது, 200 தாண்டியும் சிக்காது. ‘பகா எண்தான்’ என்று பேனாவை மூடிவிடத் தோன்றும் இடம் இது. வர்க்கமூலமான 458 வரை பார்க்காமல் அப்படிச் சொல்லக் கூடாது. 62-ஆவது பகா எண்ணான 293-இல்தான் மீதி பூஜ்யமாகிறது: 210667 = 293 × 719.

17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவின் வழி வேறு. a² − b² = (a − b)(a + b) அல்லவா? எண்ணுக்குச் சற்று மேலே உள்ள வர்க்கத்தில் தொடங்கி, வித்தியாசமும் வர்க்கமாக அமைகிறதா என்று பார்ப்பார். 3-ஐ எடுக்காமல், முழு 632001-இலேயே தொடங்குவோம்:

795² − 632001 = 24
796² − 632001 = 1615
797² − 632001 = 3208
798² − 632001 = 4803
799² − 632001 = 6400

ஒவ்வொரு முறையும் வர்க்கம் போட வேண்டாம். 24-உடன் 1591-ஐக் கூட்டினால் 1615. அடுத்து 1593, 1595, 1597 கூட்ட வேண்டும், அவ்வளவே. 24 வர்க்கமல்ல. 5-இல் முடியும் வர்க்கம் 25-இல்தான் முடியும் என்பதால் 1615 போயிற்று. 8, 3 ஆகியவற்றில் எந்த வர்க்கமும் முடியாது. 6400 என்பது 80². ஆக (799 − 80)(799 + 80) = 719 × 879; 879 = 3 × 293. ஐந்தே வரி!

‘சின்னக் காரணியை முதலில் எடு’ என்ற பள்ளிக்கூட அறிவுரையைக் கேட்டு, 3-ஐ நீக்கிய 210667-இல் இதே வழியில் போயிருந்தால், 459-இல் தொடங்கி 506 வரை 48 படிகள். 719-உம் 879-உம் வர்க்கமூலமான 795-க்கு இருபுறமும் நெருங்கி நிற்கின்றன. 293-உம் 719-உம் விலகி நிற்கின்றன. படிகளின் எண்ணிக்கையை அந்த இடைவெளிதான் தீர்மானிக்கிறது. இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கலைப் பூட்டாக வைத்துத் தகவலை மறைக்கும் ஆர்எஸ்ஏ மறையாக்கத்தில் அந்த இரண்டு எண்களை மிக நெருக்கமாகத் தேர்வு செய்யக் கூடாது என்பதும் இதனால்தான். அவை எத்தனை நூறு இலக்கம் நீண்டாலும், அருகருகே இருந்தால் ஃபெர்மா சில படிகளில் பிரித்துவிடுவார்.

காட்பாடி விஐடி வளாகத்தின் 632014-இல் மட்டும் இதை அப்படியே போட்டுப் பார்க்காதீர்கள். 4-ஆல் வகுத்தால் மீதி 2 வரும் எண் எதையும் இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதவே முடியாது. கூட்டிக்கொண்டே போனால் விடியவே விடியாது. அங்கே 2-ஐ முதலில் எடுத்தாக வேண்டும்.