பாலத்தைத் தூக்க ஆறு பேர் போதும், கட்டறதுக்கு மட்டும் ஏன் இத்தனை வருஷம்?

ராமநாதபுரத்துல இருந்து ஒரு தங்கச்சி மெசேஜ் போட்டிருந்தாங்க. "அண்ணே, 2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல ட்ரெயினை நிறுத்துனதுல இருந்து 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறக்கற வரைக்கும் மண்டபம் ஸ்டேஷன்ல இறங்கி பஸ் புடிச்சே எனக்கு இடுப்பு போச்சு. இப்ப என்னடான்னா அஞ்சரை நிமிஷத்துல பாலத்தையே தூக்கிடறாங்களாம். தூக்கறது அவ்ளோ ஈஸின்னா கட்டறதுக்கு மட்டும் ஏன் இத்தனை நாளு? அப்புறம் பழைய பாலத்தை ஆளுங்க கையாலயே சுத்தித் தூக்குனாங்கன்னு எங்க தாத்தா சொல்வாரு, அது நெஜமா கதையா?"

தாத்தா சொன்னது நெஜம். ரெண்டாவது கேள்விதான் எனக்குப் புடிச்ச கேள்வி, அதனால அதை முதல்ல எடுத்துக்கறேன், இடுப்பு வலிக்கு அப்புறம் வரேன்.

பழைய பாலம் 1914ல திறந்தது. ரெண்டு கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல நீளம், நடுவுல கப்பல் போற இடத்துல மட்டும் ரெட்டைக் கதவு மாதிரி ரெண்டு இரும்புக் கை, ஒவ்வொண்ணும் நூத்துக்கணக்கான டன். பக்கத்துக்கு அஞ்சாறு பேர் நின்னு லீவரை செக்கு சுத்தற மாதிரி சுத்துவாங்க, ரெண்டு கையும் மெதுவா வானத்தைப் பாத்து நிமிரும். அஞ்சாறு பேர் சேந்து ஒரு பஸ்ஸை தள்ளவே மூச்சு வாங்குது, இதை எப்படித் தூக்குனாங்க?

பாதி பதில் நம்ம ஊரு ஏத்தத்துலயே இருக்கு. கெணத்து மேல நீள மரம், ஒரு முனையில சால், இன்னொரு பக்கம் ஆளு நடந்து போயி தன் எடையைக் கொடுத்தா தண்ணி தானா மேல வரும். ஆளுக்குப் பதிலா கல்லைக் கட்டினா அது துலா. பாலத்துலயும் அதேதான், கடல் பக்கம் நீட்டிட்டிருக்கற கைக்கு சமமா பின்னாடி வால் பக்கம் ஒரு பெரிய எதிர் எடை. இது ஸ்கூல்ல படிச்ச நெம்புகோல்தான், பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல.

மீதிப் பாதிதான் அழகு. சாதாரண துலா ஒரு அச்சுல மாட்டி ஆடும், மொத்த எடையும் அந்த ஒத்த அச்சு மேல உக்காந்து தேய்க்கும். சிகாகோக்காரர் வில்லியம் ஷெர்ஸர் (நம்ம பேப்பர்ல எல்லாம் ஜெர்மன் இன்ஜினியர்னு எழுதுவாங்க, மனுஷன் பொறந்தது அமெரிக்காவுல இல்லினாய்ஸ்ல) என்ன பண்ணார்னா அச்சையே தூக்கிப் போட்டுட்டு, கையோட அடிப்பக்கத்தை வண்டிச் சக்கரத்துல கால்வாசி வெட்டி வச்ச மாதிரி வளைவா செஞ்சு, ஒரு தட்டையான தண்டவாளம் மேல உக்கார வச்சிட்டார். பாலம் திறக்கணும்னா அந்த வளைவு பின்பக்கமா உருளும், நம்ம வீட்டு சாய்ஞ்சாடற நாற்காலி பின்னாடி சாயற மாதிரி. வழுக்கிடாம இருக்க வளைவுல வரிசையா குழி, தண்டவாளத்துல அதுக்கேத்த பல்லு.

இப்ப ஒரு சைக்கிளை மனசுல உருட்டுங்க. டயர்ல எங்கயாவது ஒரு சாக்பீஸ் புள்ளி வச்சா அது மேல போகும் கீழ வரும். ஆனா நடுவுல இருக்கற அச்சு? அது ஏறறதும் இல்ல இறங்கறதும் இல்ல, தரையில இருந்து எப்பவும் அதே உயரத்துல நேர்கோட்டுல போயிட்டே இருக்கும். ஷெர்ஸர் பண்ண வேலை, கை பிளஸ் எதிர் எடை ரெண்டுக்கும் சேத்து ஈர்ப்பு மையம் (மொத்த எடையும் ஒரே புள்ளியில குவிஞ்ச மாதிரி நாம எடுத்துக்கற இடம்) எங்க வருதோ அதை அந்தக் கற்பனைச் சக்கரத்தோட அச்சு இருக்க வேண்டிய இடத்துல கொண்டு போய் வச்சதுதான். அப்போ பாலம் நிமிருது, நம்ம கண்ணுக்கு நூத்துக்கணக்கான டன் மேல போற மாதிரி தெரியுது, ஆனா மொத்தமா பாத்தா ஈர்ப்பு மையம் ஒரு இன்ச் கூட ஏறல, படுக்கை வாக்குல கொஞ்சம் பின்னாடி நகந்திருக்கு அவ்ளோதான். உயரம் மாறலேன்னா ஈர்ப்பு விசைக்கு எதிரா செய்ய வேண்டிய வேலை பூஜ்யம். அந்த அஞ்சாறு பேரு பாலத்தைத் தூக்கவே இல்லங்க, உருட்டினாங்க! அவங்க மல்லுக்கட்டுனது உராய்வோடயும் காத்தோடயும்தான், அதையும் பல்சக்கரம் பங்கு போட்டுக்குச்சு. கூடவே ஒரு போனஸ், உருளும்போது கை கப்பல் வழியை விட்டு பின்னாடியும் ஒதுங்கிடும். இதை எத்தனை தடவை யோசிச்சாலும் எனக்கு அலுக்கறதே இல்ல. ஷெர்ஸர் 1893லயே செத்துட்டார், பாம்பன்ல தன் பாலம் நின்னதை அவர் பாக்கவே இல்ல.

புதுப் பாலம் வேற ஜாதி, லிஃப்ட் மாதிரி நேரா மேல போறது. 72.5 மீட்டர் நீளத் துண்டு, சுமார் 660 டன், 17 மீட்டர் ஏறும். ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். எதிர் எடையே இல்லாம தூக்கினாலும் ஏறக்குறைய 30 யூனிட் கரண்ட்தான் ஆகும், உங்க வீட்டு மீட்டர்ல சில நாள்ல ஓடற யூனிட். பிரச்சனை யூனிட் இல்ல, அதை அஞ்சரை நிமிஷத்துக்குள்ள கொடுக்கணும்ங்கறது, அதுக்கு 440 குதிரைத்திறன் மாதிரி வேணும், நடுவுல கரண்ட் போனா அத்தனை எடையையும் பிரேக் ஒண்ணே தாங்கணும். அதனால ரெண்டு கோபுரத்துலயும் எதிர் எடை தொங்குது, மோட்டாருக்கு மிச்ச சொச்சம் தான் வேலை. இந்த மாதிரி பாலத்துல எதிர் எடையை சரிசமமா வைக்க மாட்டாங்க, பாலத்துப் பக்கம் வேணும்னே கொஞ்சம் கனமா விடுவாங்க, அப்பதான் இறங்கினதும் ஆடாம அழுத்தி உக்காரும். இன்னொரு குசும்பு கயிறு. மேல போகப் போக இரும்புக் கயிறு பாலத்துப் பக்கத்துல இருந்து எதிர் எடைப் பக்கம் போயிடும், அதோட எடையும் கட்சி மாறிடும். கெணத்துல வாளி மேல வர வர கை லேசாகுமே, அதே கதை. அதையும் கணக்குல வச்சுதான் மோட்டார் போடணும்.

சரி, தூக்கறது நிமிஷக் கணக்கு, ஆனா தூக்குப்பாலம் இருக்கற ஊர்ல எல்லாம் ஜனங்க புலம்பறாங்களே ஏன்னா, நேரம் போறது தூக்கறதுல இல்ல. சிக்னல் விழணும், பாலத்து மேல யாரும் இல்லன்னு உறுதி பண்ணணும், பூட்டை எடுக்கணும், கப்பல் ஊர்ந்து போகணும், திரும்ப இறக்கி பூட்டணும், தண்டவாள முனை ரெண்டும் மில்லிமீட்டர் கணக்குல சேந்திருக்கான்னு பாக்கணும். லண்டன் டவர் பிரிட்ஜ்ல முன்கூட்டியே சொல்லி வச்ச படகுக்குத்தான் முன்னுரிமை. 1997ல அப்போ அமெரிக்க அதிபரா இருந்த கிளின்டனோட கார் வரிசையையே ரெண்டா வெட்டிட்டு ஒரு பாய்மரப் படகுக்கு பாலம் திறந்துச்சு. கப்பலுக்கு பிரேக் கிடையாது, நடு ஆத்துல நில்லுன்னா நிக்காது, அதான் காரணம். பாம்பன்ல நிலைமை தலைகீழ், இங்க கப்பலுங்கதான் நங்கூரம் போட்டு பாலம் எப்ப தூக்குவாங்கன்னு காத்திருக்கும்.

இப்ப இடுப்பு வலி. பக்கத்துல இருக்கற ரோட்டுப் பாலத்தைப் பாருங்க, 1974ல வேலை ஆரம்பிச்சு 1988ல திறந்தாங்க, பதினாலு வருஷம். ஆனா 1964 புயல்ல பழைய ரயில் பாலத்தோட கர்டர்கள் (தூணுக்குத் தூண் போட்டிருக்கற இரும்பு உத்தரம்) நூத்துக்கும் மேல கடலுக்குள்ள போனப்ப, ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் டீம் அதை 46 நாள்ல சரி பண்ணுச்சு. 'அந்தக் காலத்து ஆளுங்க மாதிரி வருமா'ன்னு உடனே ஆரம்பிச்சிடாதீங்க. அன்னிக்கு தண்ணிக்குள்ள தூண்கள் நின்னுட்டிருந்துச்சு, ஷெர்ஸர் துண்டும் தப்பிச்சிடுச்சு, கடல்ல விழுந்த கர்டரையே தேடி எடுத்து திரும்ப மாட்டுனாங்க. பெரிய வேலைதான், நான் கொறச்சு சொல்லல, ஆனா அடித்தளம் ரெடியா இருந்துச்சு. பாலத்துல காலத்தை முழுங்கறது கண்ணுக்குத் தெரியாத அந்த அடிப்பக்கம்தான். பாம்பன்ல வருஷத்துல சில மாசம் காத்தும் அலையும் வேலையே செய்ய விடாது. புதுப் பாலத்தோட தூக்குத் துண்டை கரைப் பக்கம் கோத்து, வளைவான பாதை மேல கொஞ்சம் கொஞ்சமா நகத்தி நடுக்கடலுக்குக் கொண்டு போகவே மாசக்கணக்கு ஆச்சு.

அப்புறம் உப்புக்காத்து. காரைக்குடியில மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அழகப்ப செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்தது, 1953ல இருந்து நடக்குது, மண்டபத்துலயும் அவங்களுக்கு ஒரு இடம் உண்டு, இரும்புத் துண்டுகளை கடல் காத்துல போட்டு வருஷக்கணக்கா எப்படி துருப்பிடிக்குதுன்னு பாப்பாங்க. துருவை வேடிக்கை பாக்க சம்பளமான்னு கிண்டல் பண்றவங்க உண்டு. என்னைக் கேட்டா ரிப்பன் வெட்டற பந்தலுக்கு ஆகற செலவை இந்த மாதிரி ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம். ஆனா எங்க ஊர்ல இன்னும் புதுப் பாலம் கட்டினா நரபலி கேக்கும், புள்ளைங்களை புடிச்சிட்டுப் போவாங்கன்னு பேசறாங்க, சின்ன வயசுல அதைக் கேட்டு நான் பால வேலை நடக்கற பக்கமே போனதில்ல. தூணைத் தின்னது பேய் இல்லங்க, கடல் உப்புல இருக்கற குளோரைடு.

ரோட்டு வேலையிலயும் நியாயமான தாமதம் உண்டு. கான்கிரீட் காயறதுன்னு நாம சொல்றது தப்பு, அது தண்ணியோட சேந்து வினை நடந்துதான் இறுகும், காஞ்சா கெட்டுடும், அதான் சாக்கை நனைச்சுப் போடறாங்க. முழு பலத்துக்கு 28 நாள்னு கணக்கு, அவசரப்படுத்தினா விரிசல்தான். எங்க தெருமுனையில கட்டற கல்வெர்ட்டுக்கும் (ரோட்டுக்கு அடியில தண்ணி போற சின்னப் பாலம்) நான் அதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன், பொறுங்கப்பா, 28 நாள்னு. இப்ப நாலு மாசம் ஆச்சு, கான்கிரீட் எப்பவோ இறுகிடுச்சு, மேல மண்ணு போட ஆளு வரல, வழியை மறிச்சு வச்ச பிளாஸ்டிக் டிரம்முல மழைத்தண்ணி நின்னு கொசுப்புழு நெளியுது, பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பாக்கறப்பெல்லாம் "என்ன தம்பி, இன்னும் வினை நடக்குதா"ங்கறாங்க.