ஆவரேஜ் 12னு மட்டும் சொன்னா நான் என்ன பண்றது?

ஃபேக்டரி ஆபரேட்டர்களுக்கு அடிப்படைக் கணக்கு டெஸ்ட் வச்சு, அந்த ரிசல்ட்டை அலசித் தர்றது என் வேலைல ஒரு பகுதி. எங்க போனாலும் முதல்ல கையில குடுக்கறது ஒரே ஒரு நம்பர், "சார், 20க்கு ஆவரேஜ் 12 வந்திருக்கு, பரவால்லையா?" எல்லாரும் 11, 12, 13னு எடுத்திருந்தாலும் 12தான், பாதிப் பேர் 18ம் மீதிப் பேர் 6ம் எடுத்திருந்தாலும் 12தான். முதல் மாதிரி இருந்தா மொத்தப் பேருக்கும் ஒரே கிளாஸ் போதும், ரெண்டாவது மாதிரி இருந்து அதே கிளாஸை எடுத்தீங்கன்னா பாதிப் பேர் கொட்டாவி விடுவாங்க, மீதிப் பேருக்கு ஒன்னும் ஏறாது. எத்தனை பேர் என்ன மார்க்னு பேப்பர்ல கோடு போட்டு எண்ணினாலே இது தெரிஞ்சிடும்.

மார்க்கை விட நான் ஆர்வமா பாக்கறது தப்பான பதில்களைத்தான். டிராயிங்ல 25 ± 0.05 மிமீ, அளந்தா 25.1 வருது, பாஸா ரிஜக்டா? மேல் அளவு 25.05தான், அதனால ரிஜக்ட். ஆனா "பாஸ்"னு எழுதுறவங்க இருக்காங்க, புள்ளிக்கு அப்புறம் வர்றதை முழு நம்பரா படிச்சு, 05ன்னா அஞ்சு, 1 அதை விட சின்னதுதானேன்னு எடுத்துக்கறாங்க. இதைக் கவனக்குறைவுன்னு திட்டி பிரயோஜனம் இல்ல, மனசுல ஒரு ரூல் வச்சிருக்காங்க, அந்த ரூல்தான் தப்பு. 25.10ன்னு எழுதிக் காட்டிப் பேசினா விஷயம் சீக்கிரம் பிடிபடும். அதனால எக்செல்ல சரி, தப்புன்னு மட்டும் ஏத்தாதீங்க, அவங்க எழுதின பதிலையே ஏத்துங்க.

சில நேரம் தப்பு நம்ம கேள்வில இருக்கும் (நானே இப்படி மாட்டியிருக்கேன்). "பெயிண்ட், தின்னர் 4:1, கலவை 20 லிட்டர் வேணும், தின்னர் எவ்ளோ?" மொத்தம் 5 பங்கு, அதனால 4 லிட்டர். 20ஐ 4ஆல வகுத்து 5ன்னு எழுதுறவங்களும் உண்டு. இங்கதான் ஒரு பழைய வழி உதவும், மொத்த மார்க்ல மேல இருக்கற 27 சதவீதம், கீழ இருக்கற 27 சதவீதம்னு பிரிச்சு, ஒவ்வொரு கேள்விக்கும் ரெண்டு குரூப்லயும் எத்தனை பேர் சரின்னு பாக்கறது. 40 பேர்னா 11, 11. மேல 10 பேர், கீழ 3 பேர் சரின்னா நல்ல கேள்வி. மேல இருக்கறவங்களே பாதிக்கு மேல கோட்டை விட்டா முதல்ல கேள்வியோட வாசகத்தைத் திரும்பப் படிங்க, கலவை 20ஆ பெயிண்ட் 20ஆன்னு குழப்பற மாதிரி எழுதியிருப்போம்.

ரேங்க் லிஸ்ட் போட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்றது மட்டும் வேணவே வேணாம். 10 கேள்வி டெஸ்ட்ல 6 எடுக்கற ஆளு வேற செட் கேள்வி வந்தா சாதாரணமாவே ஒன்னரை மார்க் முன்னப் பின்ன ஆடுவாரு, இதுல 6க்கும் 7க்கும் வித்தியாசம் பாத்து இன்க்ரிமென்ட் முடிவு பண்றது அநியாயம்.

அதே மாதிரி கடைசி 10 பேருக்கு மட்டும் டிரெயினிங் குடுத்து, மறு டெஸ்ட்ல மார்க் ஏறிடுச்சுன்னு சந்தோஷப்படுவாங்க. அன்னைக்கு நைட் ஷிஃப்ட் முடிச்சு தூக்கத்துல எழுதினவரு டிரெயினிங் இல்லாமலே அடுத்த தடவை கொஞ்சம் மேல வருவாரு, பெத்தவங்க உயரத்தையும் பிள்ளைங்க உயரத்தையும் ஒப்பிட்ட கால்டன்ங்கற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் 1886லயே எழுதின விஷயம்தான் இது, ரொம்பக் கீழயோ மேலயோ இருக்கறது அடுத்த தடவை சராசரி பக்கம் நகரும். கீழ இருக்கற 20 பேரைக் குலுக்கல்ல ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு இப்பவும் இன்னொரு பாதிக்கு ரெண்டாவது டெஸ்ட் முடிஞ்ச பிறகும் கிளாஸ் எடுங்க, அந்த ரெண்டு பாதிக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தை மட்டும் எனக்கு அனுப்புங்க.