பனிமலைக்குப் போகும் பிள்ளைகளின் கண்கள்

டிசம்பர் விடுமுறை நெருங்கினால் என் கண் கிளினிக்கில் சுவிஸ் பயணப் பேச்சு தொடங்கிவிடும். அங்கிருக்கும் சித்தப்பாவோ பெரியம்மாவோ கூப்பிட்டிருப்பார்கள். பேர்னில் கொஞ்ச நாள், நடுவில் சேர்மாட்டில் பனிச்சறுக்கு. "டொக்டர், குளிருக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். வெயிலைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. என் கவலை முழுக்க அந்த வெயில்தான்.

திருகோணமலை வெயிலிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள், எங்களுக்கு என்ன வரப்போகிறது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. தோலைப் பொறுத்தவரை அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கறுத்த தோலில் உள்ள மெலனின் புற ஊதாக் கதிரை ஓரளவு தடுக்கும். ஆனால் கருவிழியை மூடியிருக்கும் தெளிவான படலத்தில் மெலனின் கிடையாது. எந்த நிறத்தவருக்கும் அந்தப் படலம் ஒன்றுதான்.

நிலாவெளியில் காய்ந்த மணல், விழும் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அலை நுரை 25 சதவீதம் வரை. புதிதாக விழுந்த பனி 80 சதவீதம் வரை! அதுவும் கடற்கரையில் வெயில் மேலிருந்து வருகிறது. புருவமும் தொப்பியும் கொஞ்சம் மறைக்கும். பனியில் வெளிச்சம் கீழிருந்து நேரே கண்ணுக்குள் ஏறும், தொப்பியால் பயனில்லை. அப்புறம் உயரம். ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் இந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். சேர்மாட் ஊரே 1,600 மீற்றரில் இருக்கிறது. அங்கிருந்து ரயிலில் ஏறிப்போகும் கோர்னர்கிராட் 3,089 மீற்றர். எங்கள் நாட்டின் மிக உயர்ந்த பீதுருதாலகாலையே 2,524 தான்.

போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அருமையான ஊர் அது. வெளியூர்க் கார்களை உள்ளே விடமாட்டார்கள். பக்கத்து ஊரான தேஷில் காரை நிறுத்திவிட்டு ரயிலில்தான் போகவேண்டும். பழைய பகுதியில் எலி ஏறாதபடி கால்களின் மேல் தட்டைக்கல் வைத்துக் கட்டிய மரக் களஞ்சியங்கள் இன்னும் நிற்கின்றன. 1865 இல் ஊருக்கு மேலே நிற்கும் மாட்டர்ஹோர்ன் சிகரத்தில் முதன்முதல் ஏறிய ஏழு பேரில் நால்வர் இறங்கும்போது விழுந்து இறந்தார்கள். அன்று அறுந்த கயிறு அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிள்ளைகள் பார்க்கவேண்டிய இடம்.

உவர்மலையைச் சேர்ந்த ஒரு குடும்பம் அப்படித்தான் போனது. முகில் மூடிய நாள். கண்ணாடியில் புகார் படிகிறது என்று மகள் அதைக் கழற்றி நெற்றியில் ஏற்றிவிட்டு மாலைவரை சறுக்குவண்டியில் விளையாடியிருக்கிறாள். அப்போது ஒரு வலியும் இல்லை. அங்கே நள்ளிரவு, இங்கே விடியற்காலை, தகப்பன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். "டொக்டர், கண்ணுக்குள் மண் கிடக்கிறது என்று கத்துகிறாள், எவ்வளவு கழுவியும் போகவில்லை." பிள்ளையைக் காட்டுங்கள் என்றேன். இமை தடித்து, கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. போன் வெளிச்சம் பட்டதும் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மண் எதுவும் இல்லை. கருவிழிப் படலத்தின் மேல்தோல் வெந்திருந்தது. மறுநாள் அங்குள்ள மருத்துவர் மஞ்சள் சாயத் துளி விட்டு நீல ஒளியில் பார்த்தபோது படலம் முழுக்கப் பொட்டுப் பொட்டாகச் சாயம் பிடித்திருந்ததாம். முகமூடி போடாமல் வெல்டிங் செய்துவிட்டு இரவில் கண்ணைப் பொத்திக்கொண்டு என்னிடம் வரும் பெடியளுக்கு இருப்பதும் இதே நோய்தான். கதிர் பட்டு 6 முதல் 12 மணி நேரம் கழித்தே வலி தொடங்கும். அதனால்தான் பெற்றோருக்குக் காரணம் பிடிபடுவதில்லை. மெல்லிய முகில் இந்தக் கதிரைத் தடுக்காது என்பதும் பலருக்குத் தெரியாது.

பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். இருட்டறை, மூடிய கண்மேல் குளிர்ந்த ஈரத்துணி, பாதுகாப்புப் பதார்த்தம் சேராத செயற்கைக் கண்ணீர்த் துளி, வலிக்கு வயதுக்கேற்ற பரசிற்றமோல். கொன்டாக்ட் லென்ஸ் இருந்தால் உடனே கழற்றுங்கள். கண்ணைத் தேய்க்க விடாதீர்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு என்று அம்மம்மா போனில் சொல்லுவார். அன்பாகச் சொல்கிறார், ஆனாலும் வேண்டாம், வெந்த படலத்தில் கிருமி ஏறும். மரக்கச் செய்யும் துளியை யாராவது தந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய் விடவே கூடாது. வலி சட்டென நிற்கும், புண் ஆறாது, மேலும் மோசமாகும். பார்வை மங்கினாலோ ஒரு நாளில் வலி குறையாவிட்டாலோ மருத்துவரிடம் போங்கள். அவசரமென்றால் சுவிஸில் அம்புலன்ஸ் இலக்கம் 144.

சறுக்குப் பலகை, சப்பாத்து, தலைக்கவசம் எல்லாம் வாடகைக்கு எடுப்பவர்கள் கண்ணாடியில் மட்டும் காசை மிச்சம் பிடிப்பார்கள். தெருவோரத்தில் வாங்கிய கறுப்புக் கண்ணாடி வெறும் கறுப்பாக இருந்து புற ஊதாவைத் தடுக்காவிட்டால் கெடுதல்தான். கண்மணி விரிந்து கதிர் கூடுதலாக உள்ளே போகும். புற ஊதாவைத் தடுக்கும் என்பதற்கான யுவி 400 குறி இருக்கவேண்டும், பக்கவாட்டும் கீழும் மூடவேண்டும். பார்வைக் கண்ணாடி போடும் பிள்ளைக்கு அதற்கு மேலே மாட்டக்கூடிய பனிக்கண்ணாடி கிடைக்கிறது. புகார் படியாத பூச்சு உள்ளதை வாங்குங்கள்; படிந்தால்தான் பிள்ளை கழற்றும். சறுக்காமல் ஓரத்தில் இருந்து பார்க்கும் அப்பம்மாவுக்கும் ஒன்று வேண்டும்.

மூக்குக்கும் நாடிக்குக் கீழேயும் சன் கிறீம் பூசுங்கள். ஷெங்கன் விசாவுக்கு எடுத்த காப்புறுதி பனிச்சறுக்கு விபத்தை ஏற்குமா என்று இங்கேயே கேட்டுவிடுங்கள். பல காப்புறுதிகள் ஏற்பதில்லை.

கடைசியாக, வீட்டில் யாருக்காவது அண்மையில் விழித்திரைச் சத்திரசிகிச்சை செய்து கண்ணுக்குள் வாயு விட்டிருந்தால், அது கரையும்வரை விமானமும் கூடாது, மலையும் கூடாது. உயரத்தில் அந்த வாயு விரிந்து கண் அழுத்தம் ஏறும், பார்வையே போகலாம். அப்படிப்பட்டவர்கள் டிக்கெட் போடும் முன்னரே சத்திரசிகிச்சை செய்த மருத்துவரிடம் காட்டி, வாயு முழுதாகப் போய்விட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.