முதல் அடி ஏன் மெல்ல விழ வேண்டும்?

ட்ரில் பிட் செய்யும் எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அடித்தால் வளைந்து கொடுக்கிறது. அதே கலவையில் வார்த்த கட்டி அதே சூட்டில் பிளந்துவிடுகிறதே, ஏன் என்று பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கலவையில் குற்றமில்லை. எச்.எஸ்.எஸ்.-இல் ஒன்றான எம்2 வகை எஃகில் கார்பன் சுமார் 0.85 சதவீதம், டங்ஸ்டன் 6, மாலிப்டினம் 5, குரோமியம் 4, வனேடியம் 2. கட்டியோ கம்பியோ, கணக்கு இதுதான். உறைந்தபோது உண்டான உள்ளமைப்பு கட்டியில் அப்படியே இருக்கிறது, கம்பியில் அடிபட்டு உடைந்திருக்கிறது; வேறுபாடு அதுதான். பனங்கற்கண்டு விளையும்போது சர்க்கரை பளிங்காகிவிட, மற்றவை எஞ்சிய பாகில் சேர்கின்றன அல்லவா? உருகிய எஃகிலும் இரும்பு மிகுந்த படிகங்கள் முதலில் கிளைவிட்டு வளர்கின்றன. அவற்றில் இடம் கிடைக்காத கார்பனும் டங்ஸ்டனும் மாலிப்டினமும் மிச்சக் குழம்பில் குவிந்து, படிகங்களின் இடுக்குகளில் கார்பைடாக, அதாவது கார்பனும் உலோகமும் சேர்ந்த கடினமான சேர்மமாக, உறைகின்றன. மெருகேற்றி அமிலம் தடவி நுண்ணோக்கியில் பார்த்தால் சில இடங்களில் இறகுபோல், சில இடங்களில் மீன்முள்போல அந்த வலை தெரியும். சூட்டில் படிகம் இளகி ஓடும்; கார்பைடு ஓடாது. சம்மட்டி விழுந்ததும் விரிசல் அந்த வலையைப் பிடித்துக்கொண்டே போகிறது. சூட்டைக் கூட்டித் தப்பவும் முடியாது. சுமார் 1,240 டிகிரி செல்சியஸில், கடைசியாக உறைந்த அந்த இடுக்குதான் முதலில் உருகும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். இறகு வடிவக் கார்பைடு நிலையானதல்ல. 1,100 டிகிரிக்கு மேல் சிறிது நேரம் வைத்திருந்தால் அது தானாகவே வேறு இரண்டு வகைக் கார்பைடுகளாகச் சிதைந்து, சிறு உருண்டைகளாகத் துண்டாகிறது. வலை அறுந்த அந்த நேரத்தில் மெல்ல அடித்தால் துண்டுகள் விலக, இடையில் இரும்பு புகுந்துகொள்கிறது. நசுங்கிய படிகங்களின் ஓரங்களில் புதுப் படிகங்கள் முளைக்கின்றன. வார்ப்பில் படிகங்கள் பெரியவை, ஓரங்கள் குறைவு. அதனால் முதலில் முளைப்பது மெதுவாகவே நடக்கும். சூடேற்றி அடிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் படிகம் சிறுத்து ஓரம் பெருக, அடுத்த அடியைத் தாங்கும் வலு கூடுகிறது. கம்பியின் பொறுமை அது முன்பு வாங்கிய அடிகளால் வந்தது.

பாலிடெக்னிக் மாணவர்கள் வார்ப்பையும் கம்பியையும் நுண்ணோக்கியில் தம் கண்ணால் பார்க்க வேண்டும். வகுப்பறைத் திரைகளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி நல்ல நுண்ணோக்கிக்குப் போகட்டும்.

வார்ப்பைத்தான் அடித்தாக வேண்டுமென்றால் நிதானமாகச் சூடேற்றி, உள்வரை சூடு பரவியபின் சிறு அடிகளாகத் தொடங்குங்கள். சூடு 950 டிகிரிக்கு இறங்குமுன் மீண்டும் உலையில் வையுங்கள்.