மதுச்சார்பு: சொல்லும் நோயும்

‘ஆல்கஹாலிசம்’ என்பதற்கு ஈடாகத் தமிழில் குடிப்பழக்கம், குடிவெறி, மது அடிமைத்தனம், குடிநோய், மதுச்சார்பு எனப் பல சொற்கள் புழங்குகின்றன. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் என்ன கெட்டுவிடும் என்று எழுதுவோர் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு சொல்லும் குடிப்பவரைப் பற்றித் தனித்தனித் தீர்ப்பு ஒன்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. பழக்கம் என்றால் நினைத்தால் விட்டுவிடலாம் என்று பொருள்படுகிறது. வெறி என்றால் குணக்கேடு. அடிமைத்தனம் என்றால் விடுவிப்பதற்கு வேறொருவர் வர வேண்டும். இன்றைய மருத்துவம் இந்நிலையைப் பற்றி அறிந்திருப்பதோடு மிக நெருங்கி நிற்பது ‘மதுச்சார்பு’ என்ற சொல்லே என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்ல, பிறமொழிச் சொல்லின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

‘ஆல்கஹால்’ அரபு மொழியிலிருந்து வந்தது. ‘அல்’ என்பது அம்மொழியின் சுட்டு. ‘குஹ்ல்’ என்பது கண்ணுக்குத் தீட்டும் மை, அதாவது அஞ்சனக்கல்லை இழைத்து எடுத்த நுண்பொடி. இடைக்கால இலத்தீனுக்குள் நுழைந்தபோது அச்சொல் எந்த நுண்பொடிக்கும் பெயராகி, பின்னர் ஒரு பொருளிலிருந்து பிரித்தெடுத்த சாரத்தையும் குறிக்கலாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் சுவிஸ் மருத்துவர் பாராசெல்சஸ் திராட்சை மதுவை வாலை வடித்துப் பெற்ற சாரத்தை ‘ஆல்கூல் வினி’, அதாவது மதுவின் சாரம், என்று அழைத்தார். கண் மை சாராயமான கதை இவ்வளவுதான். இலங்கைத் தமிழில் வழங்கும் ‘மதுசாரம்’ என்ற சொல் இதே பொருளைத் தருகிறது என்பதால், ஆல்கஹாலுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல்லைத் தேட வேண்டியதில்லை. ‘மது’ வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கே அதற்குத் தேன் என்ற பொருளும் உண்டு. கள், நறவு, தேறல் ஆகியவை பழந்தமிழில் வழங்கியவை.

‘இசம்’ என்ற ஈறு பலரை ஏமாற்றிவிடுகிறது. சோசலிசம், மார்க்சிசம் எனக் கொள்கைகளின் பெயரில் அதைக் கேட்டுப் பழகியவர்கள், ஆல்கஹாலிசத்தையும் ஒரு போக்கு அல்லது நாட்டம் என்று கொண்டு ‘மதுவியம்’ என எழுதிவிடுகிறார்கள். மருத்துவத்தில் இந்த ஈறு நோய்நிலையைக் குறிக்கும். வாதநோயைக் குறிக்கும் ‘ருமாட்டிசம்’ என்பதில் இருப்பதும் அதுவே. சுவீடன் மருத்துவர் மக்னுஸ் ஹுஸ் 1849இல் வெளியிட்ட நூலில், நெடுங்காலம் குடித்தவர்களின் நரம்பிலும் கல்லீரலிலும் மனத்திலும் கண்ட சிதைவுகளைத் தொகுத்து அதற்கு ‘ஆல்கஹாலிஸ்முஸ் குரோனிகுஸ்’ என்று பெயரிட்டபோது, அவர் கருதியது நாட்பட்ட நச்சேற்றத்தை. குடித்தே தீர வேண்டும் என்ற உந்துதலைச் சுட்டும் பெயராக அது அமையவில்லை. அந்தப் பொருள் பின்னர் வந்து ஏறிக்கொண்டது. உந்துதலை நோயாகப் பார்த்தவர்கள் அவருக்கு முன்பே இருந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை மருத்துவராக இருந்த தாமஸ் டிராட்டர், 1804இல் குடிப்பழக்கத்தை ‘மனத்தின் நோய்’ என்று எழுதினார்.

‘அடிமைத்தனம்’ வேறு வழியாக வந்து சேர்ந்தது. ‘அடிக்‌ஷன்’ என்ற சொல்லின் இலத்தீன் மூலமான ‘அட்டிக்டுஸ்’, கடனைத் திருப்பித் தர முடியாததால் நீதிபதியின் தீர்ப்பின்படி கடன் கொடுத்தவனிடம் ஒப்படைக்கப்பட்ட ரோமானியனைக் குறித்தது. ஆகவே ‘அடிமை’ என்ற தமிழாக்கம் மூலத்துக்கு மிக உண்மையானது. சிக்கலே அதில்தான் இருக்கிறது. அடிமைக்கு ஓர் ஆண்டான் வேண்டும். புட்டிக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டால், குடிப்பவரின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வியே எழாமல் போகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1964இல் ‘அடிக்‌ஷன்’, பழக்கம் ஆகிய இரு சொற்களையும் விலக்கி, அவற்றின் இடத்தில் ‘டிபென்டன்ஸ்’ என்ற ஒரே சொல்லை வைக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஒன்றிலிருந்து தொங்குதல் என்பது அதன் வேர்ப்பொருள். தமிழில் ‘சார்’ என்ற வினையடி சாய்தல், அண்டுதல், ஒன்றைப் பற்றி நிற்றல் ஆகிய பொருள்களைத் தருவது; அதிலிருந்து பிறந்த ‘சார்பு’ தாங்கி நிற்கும் பொருளையும், தாங்கப்படும் நிலையையும் ஒருங்கே குறிக்கும். திருக்குறளின் மெய்யுணர்தல் அதிகாரத்தில் ‘சார்தரு நோய்’ என்றொரு தொடர் வருகிறது. அங்கே பேசப்படுவது பிறவித் துன்பமே தவிரக் குடியன்று. ஆயினும் பற்றி நிற்பதால் வந்து சேரும் நோய் என்ற கருத்தைத் தமிழ் இந்த வேர்ச்சொல்லைக் கொண்டே சொல்லியிருக்கிறது என்பதைக் கவனிக்கலாம்.

இனி, இச்சொல் சுட்டும் உடல்நிலைக்கு வருவோம். மூளையில் கிளர்ச்சியைத் தணிக்கும் ‘காபா’ என்ற வேதிப்பொருளின் செயலை மது கூட்டுகிறது. கிளர்ச்சியைத் தூண்டும் குளுட்டமேட்டின் செயலைக் குறைக்கிறது. நாள்தோறும் இது நடக்கும்போது மூளை சமநிலையைக் காக்க எதிர்த்திசையில் தன்னை மாற்றிக்கொள்கிறது: இவ்வேதிப்பொருள்களை நரம்புச் செல்களில் ஏற்கும் ‘ஏற்பி’களில், தணிக்கும் ஏற்பிகள் மந்தமாகின்றன, தூண்டும் ஏற்பிகள் பெருகுகின்றன. முன்பு இரண்டு கோப்பையில் கிடைத்த மயக்கத்துக்கு இப்போது ஐந்து கோப்பை வேண்டியிருப்பது இதனால்தான். இதற்குத் தாங்குதிறன் என்று பெயர். இந்நிலையில் மது திடீரென நின்றால், வெளியிலிருந்து ஒருவர் தள்ளிக்கொண்டிருந்த கதவை உள்ளிருந்து எதிர்த்துத் தள்ளியவர், அவர் விலகியதும் நிலைதடுமாறி விழுவது போல மூளை கட்டற்ற கிளர்ச்சிக்குள் விழுகிறது. கடைசியாகக் குடித்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை தொடங்கும். காலையில் எழுந்தவர் தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பற்றியும் அது தளும்புகிறது. கையெழுத்திட வேண்டிய தாளை மேசையில் வைத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்கிறார். ஒரு வாய் மது உள்ளே போன சிறிது நேரத்தில் நடுக்கம் அடங்கி, கையெழுத்து நேராக விழுகிறது. அந்த ஒரு வாயைக் களிப்புக்காகக் குடித்ததாகச் சொல்ல முடியாது. சார்பு என்பதன் பொருள் இந்தக் காலைப்பொழுதில் இருக்கிறது. ‘வெறி’ என்ற சொல் இங்கே எவ்வளவு தவறாகப் பொருந்துகிறது என்பதும் தெரிகிறது.

உடலின் இந்த மாற்றம் மட்டுமே சார்பு ஆகிவிடாது. 1976இல் ஆய்வாளர்கள் கிரிஃபித் எட்வர்ட்ஸும் மில்டன் கிராஸும் மதுச்சார்பை ஓர் அறிகுறித் தொகுதியாக வரையறுத்தபோது, தாங்குதிறனோடும், மது நின்றதும் தோன்றும் விலகல் அறிகுறிகளோடும் வேறு சிலவற்றையும் சேர்த்தார்கள். அவற்றில் எனக்கு மிகக் கூர்மையாகத் தோன்றுவது, குடிக்கும் முறை குறுகிப்போவது பற்றிய அவர்களின் கவனிப்பு. தொடக்கத்தில் ஒருவர் வார இறுதியில் ஒரு விதமாகவும் விருந்தில் வேறு விதமாகவும் குடிப்பார், சில நாள்களில் தொடவே மாட்டார். சார்பு முற்ற முற்ற, நாளும் இடமும் துணையும் எதுவாக இருந்தாலும் அதே நேரத்தில் அதே அளவு என்று ஆகிவிடும். நெடுநாள் நிறுத்தியிருந்தவர் மீண்டும் தொட்டால் பழைய நிலை முன்னைவிட விரைவாகத் திரும்பிவிடும் என்பதையும் அவர்கள் அத்தொகுதியில் சேர்த்திருந்தார்கள்.

இன்று நடைமுறையில் உள்ள சர்வதேச நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு இதைச் சுருக்கி மூன்று கூறுகளாகத் தருகிறது: குடியின் மீது கட்டுப்பாடு இழத்தல், வாழ்வின் பிற எல்லாவற்றுக்கும் மேலாகக் குடி முன்னுரிமை பெறுதல், உடல்சார் மாற்றங்கள். இவற்றுள் இரண்டு தொடர்ந்து காணப்பட்டால் அது சார்பு. அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கமோ 2013இல் சார்பு என்ற பெயரையே கைவிட்டு, 11 அளவுகோல்கள் கொண்ட ‘மதுப் பயன்பாட்டுக் கோளாறு’ என்ற விரிந்த பெயரை, உளநோய்களை வரையறுக்கும் தன் டிஎஸ்எம்-5 கையேட்டில் ஏற்றுக்கொண்டது. இரண்டும் ஒன்றல்ல. 2019ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் மதுப் பயன்பாட்டுக் கோளாறு உடையவர்கள் 40 கோடிப் பேர். அவர்களில் மதுச்சார்பு உடையவர்கள் ஏறத்தாழ 21 கோடிப் பேர். செய்தி எழுதுவோர் முதல் எண்ணை எடுத்து ‘40 கோடிக் குடி அடிமைகள்’ என்று தலைப்பிட்டால் அது பிழை.

தீங்கும் சார்பும் வேறு வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்பது தீங்கைப் பற்றிய தொடர். மாதம் ஒருமுறை அளவுமீறிக் குடித்து வண்டி ஓட்டுபவரிடம் பெருந்தீங்கு உண்டு, சார்பு இல்லாமலிருக்கலாம். ஒருநாளும் தள்ளாடாமல் வேலைக்குச் செல்பவரிடம் முற்றிய சார்பு இருக்கலாம். யாருக்குச் சார்பு உண்டாகும் என்பதில் மரபணுவுக்கும் பெரும் பங்கு உண்டு: இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி அதனால் வருகிறது.

‘குடிகாரன்’ என்று எழுதாமல் ‘மதுச்சார்பு உடையவர்’ என்று எழுதுவது வெறும் நாகரிகத்துக்காக என்று சிலர் கருதுகிறார்கள். ஜான் கெல்லியும் கசாண்ட்ரா வெஸ்டர்ஹாஃபும் 2010இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடையாக அமையும். மனநலத் துறையில் பணிபுரியும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் ஒரே நோயாளியைப் பற்றிய குறிப்பைக் கொடுத்தார்கள். பாதிப் பேரின் குறிப்பில் அவர் ‘போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர்’, மறுபாதியில் ‘பயன்பாட்டுக் கோளாறு உடையவர்’. முன்னதைப் படித்தவர்கள், அவர் மீதே பழி உண்டு, தண்டனை தகும் என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். பயிற்சி பெற்றவர்களிடமே சொல் இப்படி வேலை செய்கிறது. சொல்லின் இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1935இல் ஒகையோவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் பாப் ஸ்மித்தும் தொடங்கிய, குடியை விட முயல்வோரின் தோழமைக் குழுவான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் கூட்டங்களில், உறுப்பினர் தம்மைத் தாமே ‘ஆல்கஹாலிக்’ என்று சொல்லிக்கொள்வது மீட்சியின் ஒரு பகுதி. ஒருவர் தமக்கு இட்டுக்கொள்ளும் பெயரைத் திருத்தும் உரிமை நமக்கில்லை; பிறர் அவருக்கு இடும் பெயரைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

நிறுத்துவதைக் குறிக்கும் சொற்களிலும் குழப்பம் உண்டு. ‘மதுவிலக்கு’ அரசின் சட்டத்தைக் குறிப்பது. தனி ஒருவர் குடியை விடுவதற்கு ‘மது தவிர்ப்பு’ பொருத்தமானது. ‘நச்சு நீக்கம்’ என்பது விலகல் அறிகுறிகளை மருத்துவக் கண்காணிப்பில் கடக்கும் முதல் சில நாள்களை மட்டும் குறிக்கும். இந்நாள்கள் ஆபத்தானவை: முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாதது கண்ணுக்குத் தெரியும் பிதற்றல்நிலை தோன்றி உயிருக்கே உலை வைக்கலாம். எனவே நாள்தோறும் மிகுதியாகக் குடித்து, காலையில் நடுக்கம் காண்பவர் ‘இன்றோடு விட்டேன்’ என்று வீட்டில் தனியே நிறுத்தக் கூடாது. மருத்துவர் டயசெபாம் போன்ற மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தும், நினைவாற்றலைச் சிதைக்கும் மூளைப் பாதிப்பைத் தடுக்க வைட்டமின் பி1 ஆகிய தயமினைச் செலுத்தியும் அக்கட்டத்தைக் கடக்க உதவுவார்.

நச்சு நீக்கம் முடிந்ததும் ‘குணமாகிவிட்டார்’ என்று வீட்டார் கொண்டாடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. உடல் சார்பு தணிந்திருக்கிறதே தவிர வேட்கை தணியவில்லை. நால்ட்ரெக்சோன் குடியில் கிடைக்கும் இன்பத்தை மட்டுப்படுத்துகிறது. அகாம்ப்ரோசேட் குடியை விட்டவர் அந்நிலையில் தொடர உதவுகிறது. டைசல்ஃபிராம் மது உடைபடும் பாதையை நடுவில் அடைத்து அசிட்டால்டிகைடு என்ற நச்சுப்பொருளைத் தேங்க வைப்பதால், குடித்தவுடன் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்கும். அதை நோயாளிக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுப்பவர்கள் உண்டு. அவர் அறியாமல் குடிக்கும்போது இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகவும் கூடும். மருந்தோடு ஆற்றுப்படுத்துநரின் துணையும், மாற வேண்டும் என்ற விருப்பத்தை அவரிடமிருந்தே எழுப்பும் ஊக்க நேர்காணல் போன்ற உளவழிச் சிகிச்சையும், தோழமைக் குழுக்களும் சேரும்போது பலன் கூடுகிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, தொடர்ந்து மது தவிர்ப்பதில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பன்னிரண்டு படி வழிமுறை மற்ற உளவழிச் சிகிச்சைகளுக்குக் குறையாத, சிலவற்றை விஞ்சிய பலனைத் தருவதாகக் கண்டது.

இடையில் ஒருமுறை குடித்துவிட்டால் அது ‘சறுக்கல்’. பழைய நிலைக்கே திரும்பிவிட்டால் ‘மறுவீழ்ச்சி’. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், ஒரு கோப்பை குடித்தவர் எல்லாம் போயிற்று என்று எண்ணி மீதியையும் குடித்து முடிக்கிறார். மீண்டு வரும் முழு வழிக்கும் ‘மீட்சி’ என்ற சொல் பொருந்தும். அடகு வைத்ததை மீட்பது போல் இழந்ததைத் திரும்பப் பெறுதல் அதில் இருக்கிறது. மருத்துவக் குறிப்பில் வரும் ‘ரெமிஷன்’ என்பதற்கு மட்டும் ‘தணிவு’ என்று எழுதலாம். டிஎஸ்எம்-5 கணக்கில் மூன்று மாதம் அறிகுறியின்றி இருந்தால் தொடக்கத் தணிவு, ஓராண்டு கடந்தால் நீடித்த தணிவு. அக்கணக்கில் ஒரே ஓர் அறிகுறிக்கு விலக்கு உண்டு: வேட்கை. குடிக்க வேண்டும் என்ற ஏக்கம் இன்னும் வந்து போகிறவரையும், மற்ற அறிகுறிகள் இல்லையென்றால், தணிவு பெற்றவர் என்றே மருத்துவம் எழுதுகிறது.