குதிரை முரண்டு பிடிக்கிறதா? முதலில் சேணத்தைப் பாருங்கள்

கொழும்பில் ட்ரெஸாஜ் (குதிரையை நுணுக்கமான அசைவுகளுக்குப் பழக்கி ஓட்டும் கலை) பழகுவோரின் முறைப்பாடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான்: இடப்பக்கம் வளைய மறுக்கிறது, ட்ரொட் என்ற துள்ளுநடையில் முதுகை இறுக்குகிறது, சேணத்தைக் கண்டாலே காதைப் பின்னுக்கு மடிக்கிறது. உடனே கடிவாளம் மாறும், இல்லையென்றால் பயிற்சி கூடும். முதுகில் என்ன ஏறியிருக்கிறது என்று பார்ப்பவர் குறைவு.

குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களுக்கு நடுவே உடம்பைத் தாங்குவது தசைகள்தான். கால் முன்னே போகும்போது தோள்பட்டை எலும்பின் மேல் விளிம்பு பின்னோக்கி நகரும். சேணத்தின் முன்முனை அந்த வழியில் இருந்தால் எலும்பு அதில் முட்டும், குதிரை எட்டைக் குறுக்கிக்கொள்ளும். இதைச் சோம்பல் என்று சொல்லிச் சவுக்கை எடுப்பது அநியாயம்.

சேணத்தைச் சற்று முன்னே வைத்து, மயிர் படிந்த போக்கில் பின்னே தள்ளுங்கள். தானாக நிற்கும் இடமே அதன் இடம். தோள்பட்டைக்கும், சேணத்துக்குள் இருக்கும் கெட்டியான சட்டகத்தின் முனைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இருக்கவேண்டும். பின்பக்கம், கடைசி விலாவான பதினெட்டாவதைத் தடவிப் பிடித்து முள்ளந்தண்டு வரை கோடு பிடியுங்கள். சேணத்தின் அடிமெத்தை அந்த எல்லையைத் தாண்டினால், விலாவின் தாங்கல் இல்லாத இடுப்பில் பாரம் விழும். பின்னங்கால்கள் உடலுக்குக் கீழே வர மாட்டா.

ஒடுக்கமான சேணம் முன்னே தூக்கி நிற்கும், ஓட்டுபவர் பின்னுக்குச் சரிவார். அகலம் கூடியது விதர்ஸ் எனப்படும் தோள் மேட்டில் விழும். ஓட்டுபவர் முன்னே சாய்ந்து முழங்காலால் இறுக்குவார். பயிற்றுநர் எத்தனை தடவை "நிமிர்ந்து இருங்கோ" என்று கத்தினாலும் அவரால் முடியாது. ஆள் ஏறிய பின்னும் மேட்டுக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். சேணத்தின் அடியில் முள்ளந்தண்டுக்கு மேலே ஓடும் நடுக் கால்வாய் முன்னிருந்து பின்வரை மூன்று நான்கு விரல் அகலம் இருக்கவேண்டும். ஒடுக்கமான சேணத்துக்குக் கீழே தடித்த துணி போடுவது, இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறை போடுகிற கதைதான்.

வேலை முடிந்ததும், தண்ணீர் ஊற்றுமுன் முதுகைப் பாருங்கள். நமது புழுக்கத்தில் குதிரை முழுக்க நனைந்துதான் இருக்கும். சேணம் இருந்த இடத்தில் உள்ளங்கை அளவு உலர்ந்த திட்டு தெரிந்தால், அங்கே அழுத்தம் மீறியிருக்கலாம், அல்லது மெத்தை தொடாமலே இருந்திருக்கலாம். சேணத்தைத் திரும்ப வைத்துக் கையை உள்ளே விட்டால் எதுவென்று தெரியும். வெள்ளை மயிர் பழைய அழுத்தத்தின் தடம். மெத்தைக்குள் உள்ள கம்பளி வியர்வை குடித்துக் கட்டியாகிவிடும், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது தடவிப் பாருங்கள். சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்துப் பஞ்சு திணிக்கவேண்டாம். ஒரு பக்கம் கூடினாலே சேணம் சரியும்.

நுவரெலியாப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை என்றால் இன்னும் கவனம். தோள் மேடு உயரம், பின்னால் தசை குறைவு. பயிற்சியில் முதுகுத் தசை ஏற ஏற, சில மாதங்களுக்கு முன் பொருந்திய சேணம் ஒடுங்கிப்போகும்.

இனி ஓட்டுபவர். பக்கவாட்டில் நின்று பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். பின்னால் நின்று பார்த்தால் இரண்டு பிட்டத்திலும் பாரம் சமன். ஒரு பக்க இடுப்பு மடிந்தால் குதிரை அந்தப் பாரத்துக்குக் கீழே போய்ச் சமன்செய்யப் பார்க்கும், நேராக நடக்காது. இதற்குப் பல தடவை காரணம் அங்கவடிப் பட்டி, அதாவது கால் வைக்கும் வளையம் தொங்கும் பட்டிதான்: எப்போதும் இடப்பக்கம் ஏறுவதால் இடப் பட்டி இழுபடும். இரண்டையும் கழற்றி ஒரே ஆணியில் தொங்கவிட்டு ஒப்பிடுங்கள், அடிக்கடி பக்கம் மாற்றுங்கள். நிலத்திலிருந்து ஏறாமல் படிக்கட்டில் நின்று ஏறுங்கள், சட்டகம் முறுகாது.

சேணம் எப்போதும் ஒரே பக்கம் சரிகிறதென்றால் சேணத்தைக் கட்டும் வயிற்றுப் பட்டியை மேலும் இறுக்காதீர்கள். பின்னாலிருந்து போனில் படம் எடுங்கள், வேறொருவரை ஏற்றிப் பாருங்கள். அப்போதும் அதே பக்கம் சரிந்தால், சேணம் பொருத்துபவரை அழைக்குமுன் மிருக வைத்தியரை அழையுங்கள். பின்னங்கால் நொண்டல், கண்ணுக்குத் தெரியுமுன் சேணச் சரிவாகவே வெளிப்படுவதுண்டு.