மொய் நோட்டும் டெங்கு வரைபடமும்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "டெங்கு வரைபடத்தில் கடைசி நாலு நாள் கம்பங்கள் மளமளவென்று இறங்குகின்றனவே, ஆபத்து போய்விட்டதா சார்?"

போகவில்லை. காய்ச்சல் தொடங்கிய தேதிவாரியாகப் போடும் வரைபடத்துக்கு வால் எப்போதும் இறங்கித்தான் இருக்கும், நோய் ஏறிக்கொண்டிருக்கும்போதும்.

கொசு கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரும். இரண்டு நாள் பாராசிட்டமால், அப்புறம் டாக்டர், லேப், பதிவு. உடனடி அட்டைச் சோதனையில் தெரிந்தால் போதாது. எலைசா சோதனையில் உறுதியானால்தான் அரசுக் கணக்கு. திங்களன்று காய்ச்சல் கண்டவர் திங்கள் கம்பத்தில் ஏற ஒரு வாரம்கூட ஆகலாம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் பெரியப்பாதான் எல்லாக் கல்யாணத்துக்கும் மொய் எழுதுவார். பந்தி முடிந்ததும் நோட்டில் 60,000 இருந்தால், "ஒரு லட்சம் தேறும்" என்பார். நூற்றுக்கு 60 மண்டபத்திலேயே வரும், மீதி வீடு தேடி வரும் என்பது பழைய நோட்டுகளில் அவர் கண்டது. 60,000ஐ 0.6ஆல் வகுக்கிறார், அவ்வளவுதான். 1980களின் பிற்பகுதியில் எய்ட்ஸ் கணக்கில் தாமதத்தைச் சரிக்கட்டியதும் இந்த வழியில்தான். டெங்குவுக்கானால், காய்ச்சல் தேதிக்கு ஒரு வரிசை, எத்தனை நாள் தாமதம் என்பதற்கு ஒரு கட்டம். பழைய வரிசைகள் நிரம்பியிருக்கும். புதியவற்றில் வலப்பக்கம் காலி. அந்த முக்கோணக் காலியைப் பழைய வரிசைகளின் விகிதத்தால் நிரப்புகிறார்கள்.

எனக்கு இதில் பிடித்த இடம் இனிமேல்தான். ஒரு பேச்சுக்கு, ஐந்து நாள் முந்தைய கம்பத்தில் 30 பேர். இதுவரை 60 சதவீதம் வந்திருக்கும் என்றால் உண்மையில் 50. நேற்றைய கம்பத்தில் 3 பேர், வந்தது 5 சதவீதமே என்றால் 60. இன்னும் ஒரே ஒருவர் பதிவாகட்டும், 80! நேற்றைப் பற்றி அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள். லேப்கள் திணறும்போது அந்தச் சதவீதமே மாறிவிடும்.

வால் எப்போதும் இறங்குவதால் போன வாரம் புகை அடித்தவருக்கும் பப்பாளி இலைச் சாறு கொடுத்தவருக்கும் வெற்றிதான். புகைக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கைப் பதிவு செய்யும் ஊழியருக்குத் தரலாம் என்பேன்.

மொய்யே வைக்காதவர்களை, அதாவது சோதனைக்கே போகாதவர்களை, இந்த வகுத்தலால் பிடிக்க முடியாது. 2017இல் நாடு முழுக்கப் பதிவான டெங்கு சுமார் 1.88 லட்சம். 2017-18இல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 15 மாநிலங்களில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, 5 முதல் 45 வயதுக்காரர்களில் 48.7 சதவீதத்தினருக்கு டெங்கு வந்துபோன தடயம் இருந்தது. பல வருடத் தடயம்தான். சரி, அதற்காக இவ்வளவு இடைவெளியா?

அல்சூர் வாசகரே, அந்த வரைபடத்தை இன்றைக்கே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து இதே நாலு கம்பங்களின் உயரத்தைப் பார்த்து எழுதுங்கள்.